1,06,085 ரூபாயும் 44 குழந்தைகளும்

2011-12ஆம் ஆண்டில் ஹரியானாவின் தனிநபர் ஆண்டு வருமானம், நடப்பு விலையில், 1,06,085 ரூபாய். நாட்டின் சராசரி 63,462 ரூபாய். ஹரியானாக்காரரின் கையில் சராசரி இந்தியரைவிட 42,623 ரூபாய், அதாவது 67 சதவீதம் கூடுதல். அதே 2011இல், உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவை, மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, நாடு முழுவதற்கும் 44. ஹரியானாவிலும் 44. கூடுதலாக வந்த 42,623 ரூபாய் இந்த ஒரு வரியில் ஒரு குழந்தையின் வித்தியாசத்தைக்கூடக் காட்டவில்லை.

கேரளத்தின் வருமானம் அந்த ஆண்டு ஹரியானாவைவிட 8,173 ரூபாய் குறைவு: 97,912 ரூபாய். அங்கே சிசு மரணம் 1,000க்கு 12. மகாராஷ்டிரத்தில் 99,597 ரூபாய், 25 மரணம். தமிழ்நாட்டில் 93,112 ரூபாய், 22 மரணம். குஜராத்தில் 87,481 ரூபாய், 41 மரணம். இந்த ஐந்து மாநிலங்களுக்குள் வருமானத்தில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள தூரம் 18,604 ரூபாய், அதாவது 21 சதவீதம். மரண விகிதத்தில் உள்ள தூரம் 3.7 மடங்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெண் எழுத்தறிவைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்: ஹரியானா 65.9, குஜராத் 69.7, தமிழ்நாடு 73.4, மகாராஷ்டிரம் 75.9, கேரளம் 92.1 சதவீதம். வருமான வரிசை மரண வரிசையோடு ஒட்டவில்லை. எழுத்தறிவு வரிசை, தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் இடம் மாறியதை விட்டால், அப்படியே ஒட்டுகிறது. ஐந்து மாநிலங்களை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதற்கு இது போதும்.

அந்தத் திசையில் தேடிய முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்க மக்கள்தொகையியலாளர் சாமுவேல் பிரஸ்டன். 1930களுக்கும் 1960களுக்கும் இடையே உலக அளவில் சராசரி ஆயுள் கூடியதில் வருமான உயர்வின் பங்கு 10 முதல் 25 சதவீதம் வரை மட்டுமே என்று 1975இல் அவர் கணக்கிட்டார். மீதி 75 முதல் 90 சதவீதம் அந்தந்த நாட்டின் வருமானத்துக்கு வெளியே இருந்து வந்தது: தடுப்பூசி, கொசு ஒழிப்பு, மருந்து, சுகாதார அறிவு. 35 ஆண்டு கழித்து, 2010இல், 175 நாடுகளின் தரவுகளை வைத்து லான்செட் இதழில் வந்த ஆய்வு, அந்த மீதிக்குள் கல்வியின் பங்கைப் பிரித்துக் காட்டியது. 1970க்கும் 2009க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தில் ஏற்பட்ட 82 லட்சம் குறைவில் 42 லட்சம், அதாவது 51.2 சதவீதம், பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் படிப்பு கூடியதால் வந்தது என்பது அதன் மதிப்பீடு.

இதைப் படித்துவிட்டுப் பணத்துக்கு வேலையே இல்லை என்று எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டளவிலான கணக்குக்கு வர வேண்டும். 2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், மிக ஏழையான 20 சதவீத வீடுகளில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1,000க்கு 72. மிக வசதியான 20 சதவீத வீடுகளில் 23. விகிதம் 3.1 மடங்கு. தாயின் படிப்பை வைத்துப் பிரித்தால், பள்ளிக்கே போகாத தாய்மாருக்கு 68, 12 ஆண்டோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 27. விகிதம் 2.5 மடங்கு. அதே காலத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட இன்னொரு கணக்கில், பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஏழை ஐந்திலொரு பங்கினருக்கு 65.1 ஆண்டு, வசதியான ஐந்திலொரு பங்கினருக்கு 72.7 ஆண்டு. இடைவெளி 7.6 ஆண்டு. மாநிலங்களை ஒப்பிட்டபோது தோற்ற வருமானம், வீடுகளை ஒப்பிடும்போது ஜெயிக்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. படிக்காத தாயும் ஏழை வீடும் பெரும்பாலும் ஒரே கதவு எண்ணில்தான் இருக்கின்றன. ஒரே குழந்தை இரண்டு பட்டியலிலும் எண்ணப்படுகிறது.

பணம் எங்கே உயிரைத் தொடுகிறது என்பதை மருத்துவமனை ரசீது சொல்லும். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், பிரசவம் நீங்கலாக ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் கிராமத்துக் குடும்பத்துக்கு ஆன சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2017-18இல் அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 205 ரூபாய். அரசுப் படுக்கையின் விலை 21 நாள் கூலி. தனியார் படுக்கையின் விலை 133 நாள் கூலி. ஓராண்டுக்கு அன்றைய சட்டம் உறுதி தந்த 100 நாளும் விடாமல் மண்வெட்டி பிடித்து, அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வந்தாலும் 20,500 ரூபாய்தான்; இன்னும் 6,847 ரூபாய் குறைகிறது. செலவு அகில இந்தியச் சராசரி, கூலி தமிழ்நாட்டுடையது. எனவே இதைத் துல்லியக் கணக்காக அல்ல, அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 6,847 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்கு ஊரில் தெரிந்த பதில்கள் மூன்று: கம்மல், ஆடு, வட்டிக்காரர்.

படிப்பு உயிரைத் தொடும் இடம் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை. அதைப் பார்க்க ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி அதன் மொத்த எடை 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இதை 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். பேதியான குழந்தையின் குடல் இந்த அளவில் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே பொட்டலத்தை ஒரு 200 மில்லி டம்ளரில் கொட்டிக் கரைத்தால் சோடியம் ஐந்து மடங்காகி 375 ஆகிவிடும். ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு 135 முதல் 145. அந்த டம்ளர் குழந்தையிடமிருந்து நீரை எடுக்குமே தவிர, கொடுக்காது. பொட்டலத்துக்குக் கொடுத்த காசு இரு வீட்டிலும் ஒன்றுதான். வித்தியாசம், உறையில் அச்சிட்ட '1 லிட்டர்' என்ற சொல்லைப் படிப்பதிலும், வீட்டில் எந்தப் பாத்திரம் 1 லிட்டர் பிடிக்கும் என்று தெரிந்திருப்பதிலும் இருக்கிறது. ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்த 2019-21இல், பேதி கண்ட இந்தியக் குழந்தைகளில் இந்தக் கரைசல் கிடைத்தது 60.6 சதவீதத்தினருக்கு. 14 நாள் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரை, 30.5 சதவீதத்தினருக்கு.

படிப்பு உயிரைத் தொடும் இன்னொரு வழி திருமண வயது. அதே கணக்கெடுப்பில், 10 ஆண்டோ அதற்கு மேலோ பள்ளியில் படித்த பெண்கள் பீகாரில் 28.8 சதவீதம், தமிழ்நாட்டில் 56.6, கேரளத்தில் 77.0. இருபது முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 18 நிறைவதற்கு முன்பே மணமானவர்கள், அதே வரிசையில், 40.8, 12.8, 6.3 சதவீதம்.

நீண்ட காலக் கணக்கைப் பார்க்க 1970-75 நல்ல தொடக்கம். மாநிலவாரியான ஆயுள் அட்டவணை அந்த ஆண்டுகளிலிருந்து கிடைக்கிறது. அப்போது இந்தியரின் சராசரி ஆயுள் 49.7 ஆண்டு. தமிழ்நாட்டில் 49.6. உத்தரப் பிரதேசத்தில் 43.0. கேரளத்தில் 62.0. கேரளத்தின் தனிநபர் வருமானம் அந்த நாட்களில் தேசிய சராசரிக்கும் கீழே இருந்தது. ஆனால் 1971 கணக்கெடுப்பில் எழுத்தறிவு அங்கே 69.75 சதவீதம், நாட்டில் 34.45. சுமார் நாற்பது ஆண்டு கழித்து, 2010-14இல், இந்தியா 67.9, தமிழ்நாடு 70.6, உத்தரப் பிரதேசம் 64.1, கேரளம் 74.9. கூடியது முறையே 18.2, 21.0, 21.1, 12.9 ஆண்டு. உயர்வை மட்டும் பார்த்தால் உத்தரப் பிரதேசம்தான் முதலிடம். கீழே இருப்பவருக்கு ஏறும் படிகள் அதிகம் என்பதால் வந்த முதலிடம் அது. அடைந்த உயரத்தைப் பார்த்தால், நாற்பது ஆண்டு ஏறியபின் அந்த மாநிலம் நிற்பது கேரளம் 1970-75இலேயே நின்ற படிக்கு 2.1 ஆண்டு மேலே.

தமிழ்நாட்டைப் பற்றிய கட்டுரைகள் வழக்கமாகப் பேறுகால மரணத்தில் பெருமிதம் கொள்ளும். காரணம் உண்டு. ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001-03இல் 134 தாய்மார் இறந்தனர், 2018-20இல் 54. குறைவு 60 சதவீதம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கடைசித் தொகையில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம். அப்போது முதல் தவணை, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்தால்தான். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பதற்காகவே பணம் வைத்த திட்டம் அது. ஆனால் இதே காலத்தில் நாடு 301இலிருந்து 97க்கு இறங்கியது. குறைவு 68 சதவீதம். கேரளம் 110இலிருந்து 19க்கு. குறைவு 83 சதவீதம். இந்த இரண்டு வரிகளைப் பெருமிதக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன. 2019-21 கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம், கேரளத்தில் 99.8. கட்டிலில் வித்தியாசம் இல்லை, ஆனால் மரணத்தில் 2.8 மடங்கு. ரத்தசோகை உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3 சதவீதம். பிரசவ அறைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் வித்தியாசம் அது. பத்தாண்டு படித்த பெண்களின் விகிதத்தில் மேலே கண்ட 20 புள்ளி இடைவெளியும் இதற்குள் எங்கோ இருக்க வேண்டும். எவ்வளவு என்று இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது.

குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்ற தலைப்பில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1985இல் எடுத்துக்காட்டிய இடங்கள் நான்கு: சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, கேரளம். 2011இல் அதே தலைப்பை மீண்டும் எடுத்தபோது சேர்க்கப்பட்ட ஐந்தில் தமிழ்நாடும் ஒன்று. இலங்கை 1945இலேயே கல்வியை இலவசமாக்கியது. 2019இல் அதன் தலைக்கான மருத்துவச் செலவு, அரசும் மக்களும் சேர்த்து, ஆண்டுக்கு 200 டாலருக்கும் குறைவு. அமெரிக்கா செலவிட்டது 11,582 டாலர். செலவில் 57 மடங்குக்கு மேல். அமெரிக்காவின் சராசரி ஆயுள் அந்த ஆண்டு 78.8, இலங்கை 76ஐத் தாண்டியிருந்தது. வித்தியாசம் 3 ஆண்டுக்குள்.

அமெரிக்காவின் 78.8 ஒரு சராசரி. உள்ளே திறந்தால் வேறு நாடு தெரியும். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 1999 முதல் 2014 வரையிலான 140 கோடி நபர்-ஆண்டு வருமான வரிப் பதிவுகளை மரணப் பதிவுகளோடு இணைத்து 2016இல் வெளியிட்ட கணக்கில், 40 வயதைத் தொட்ட ஆண்களில் மிகப் பணக்கார 1 சதவீதத்தினர் 87.3 வயது வரையும், மிக ஏழை 1 சதவீதத்தினர் 72.7 வயது வரையும் வாழ எதிர்பார்க்கலாம். இடைவெளி 14.6 ஆண்டு, பெண்களில் 10.1 ஆண்டு. 2001க்கும் 2014க்கும் இடையே மேல் 5 சதவீத ஆண்கள் 2.34 ஆண்டு கூடுதலாகப் பெற்றனர். கீழ் 5 சதவீத ஆண்கள் 0.32 ஆண்டு. கீழ் 5 சதவீதப் பெண்கள் பெற்றது 0.04 ஆண்டு, அதாவது 15 நாள். ஆனால் ஏழையின் ஆயுள் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. ஊருக்கு ஊர் சுமார் 4.5 ஆண்டு மாறியது. பட்டதாரிகள் அதிகம் உள்ள ஊர்களிலும், உள்ளாட்சி அதிகம் செலவிடும் ஊர்களிலும் அதே வருமானமுள்ள ஏழை கூடுதலாக வாழ்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பட்டம் நம் ஆயுளில் சேர்கிறதா, அல்லது அப்படிப்பட்ட ஊரில் வேறு ஏதோ இருக்கிறதா என்பதை அந்த ஆய்வு முடிவு செய்யவில்லை.

படிப்பை மட்டும் கோடாக எடுத்தால், பொருளியலாளர்கள் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் கணக்கில், 25 வயது அமெரிக்கர்களில் நான்காண்டுப் பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஆயுள் இடைவெளி 1992இல் 2.6 ஆண்டு, 2019இல் 6.3, கொரோனா உச்சத்திலிருந்த 2021இல் 8.5. ஐம்பத்தொன்பது நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வந்த மதிப்பீடு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பெரியவர்களின் மரண வாய்ப்பு சராசரியாக 1.9 சதவீதம் குறைகிறது என்கிறது. 18 முதல் 49 வயதுக்குள் 2.9 சதவீதம், 70 வயதுக்கு மேல் 0.8 சதவீதம். தொடர்பு உறுதி. காரணமா என்பது அவ்வளவு உறுதியில்லை. பிரிட்டன் பள்ளியை விடும் வயதை 1947இல் 14இலிருந்து 15 ஆகவும், 1972இல் 15இலிருந்து 16 ஆகவும் சட்டத்தால் உயர்த்தியது. இந்தச் சட்டங்கள் கட்டாயமாகக் கூட்டிய ஓராண்டுப் படிப்பு மரண விகிதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு கண்டது. குழாய்த் தண்ணீரும், 1948 முதல் இலவச மருத்துவமும் எல்லோருக்கும் உள்ள நாட்டில் ஒன்பதாம் வகுப்பின் மதிப்பும், பீகார் கிராமத்தில் அதன் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இன்னொரு பத்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்பது மாநிலங்களின் தரவுகளைக் கொண்ட ஒரு மதிப்பீட்டில், உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் சராசரி ஆயுள் 4 ஆண்டுக்கு மேலும், தலித்துகளுடையது 3 ஆண்டுக்கு மேலும், முஸ்லிம்களுடையது சுமார் 1 ஆண்டும் குறைவு. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை.

படிப்பும் வருமானமும் சேர்ந்து உயர்ந்தால் வேறு செலவுகள் ஏடேறுகின்றன. ஐந்தாவது கணக்கெடுப்பில், ரத்தச் சர்க்கரை கூடிய அல்லது அதற்கு மருந்து எடுக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நாட்டில் 15.6 சதவீதம், தமிழ்நாட்டில் 22.1, கேரளத்தில் 27.0. உடல் எடை கூடிய பெண்கள் பீகாரில் 15.9 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4. கேரளத்தில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 2015-16இல் 19.7 சதவீதமாக இருந்து 2019-21இல் 23.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். எழுத்தறிவு குறையவில்லை, வருமானமும் 2011-12ஐவிடக் குறையவில்லை.

எண்களே எண்களோடு சண்டையிடும் இடமும் உண்டு. 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுத் திட்டத்தில் பீகாரின் சிசு மரணம் 1,000க்கு 27, மத்தியப் பிரதேசத்தின் சிசு மரணம் 43. பெண் எழுத்தறிவில் பின்தங்கிய பீகார் 16 புள்ளி முந்திவிட்டது. இதுவரை சொன்ன வாதத்துக்கு நேர் எதிர். ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பிலோ பீகார் 46.8, மத்தியப் பிரதேசம் 41.3. பின்னது கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகளின் சராசரி என்பதால் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் பீகாரில் மட்டும் 20 புள்ளி கூடி, மத்தியப் பிரதேசத்தில் 2 புள்ளி குறைவதற்கு அந்தக் காரணம் போதாது. ஏதோ ஒரு பதிவேட்டில் குழந்தைகள் விடுபடுகிறார்கள் அல்லது கூடுகிறார்கள்.

அமெரிக்காவில் படிப்புக்கும் ஆயுளுக்கும் ஆண்டுவாரியாகக் கணக்குப் போட முடிவது எதனால் என்பதற்கு விடை சிறியது. 1989இல் திருத்தப்பட்ட அவர்களுடைய மாதிரி மரணச் சான்றிதழில் இறந்தவரின் கல்விக்கு ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்த பிறப்பு அறிக்கைப் படிவம் தாயின் கல்வி, தந்தையின் கல்வி, இருவரின் தொழில், தாய்க்கு மணமான வயது, குழந்தையின் எடை எல்லாம் கேட்டது. வருமானம் கேட்கவில்லை. அதோடு வந்த மரண அறிக்கைப் படிவம் இறந்தவரின் தொழிலைக் கேட்டது. கடைசியாக எங்கே சிகிச்சை பெற்றார் என்று கேட்டது. புகைத்தவரா, புகையிலை மென்றவரா, பாக்கு போட்டவரா, குடித்தவரா, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு என்று நான்கு கட்டங்களில் கேட்டது. எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.